தவளைக்கு ஒரு டிரெய்லர்

“முன் சக்கரம் இழுக்கற வண்டியா, பின் சக்கரம் இழுக்கற வண்டியா? அதை முதல்ல சொல்லுங்க சார்.”

“முன் சக்கரம்” என்றாள் அவள்.

“நான் சாரைக் கேட்டேன்” என்றார் யார்டுக்காரர்.

“சாருக்குத் தெரியாது.”

அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டுவது அவன் தொழில். எந்தத் துணி எத்தனை மடிப்பு விழும், எந்தச் சுவரில் ஆணி நிற்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எந்தச் சக்கரம் எதை இழுக்கிறது என்ற கேள்வி அவன் வாழ்க்கையில் இதுவரை குறுக்கிட்டதில்லை. கார் சம்பந்தப்பட்ட எல்லாம் அவன் மனைவியின் துறை. அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். சொல்லிக்கொடுத்தவள் என்று சொல்ல அவனுக்கு இன்னும் நாக்கு எழவில்லை.

டிரெய்லர்களை வாடகைக்கு விடும் அந்த யார்டின் சிமென்ட் தரையில் அவை வரிசையாக, மூக்கைத் தரையில் ஊன்றி நின்றன. தண்ணீர் என்று நினைத்துக் குனிந்துவிட்டு ஏமாந்துபோன கழுத்து நீண்ட மிருகங்கள் மாதிரி அவனுக்குப் பட்டது. ஓரமாக நின்றது அவர்கள் கார். சின்ன உடம்பு, பச்சை நிறம், உருண்டையான இரண்டு முன்விளக்குகள். கிளட்ச் பழகாத மாணவர்கள் காலை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் குதித்துக் குதித்துப் போனதால் அதற்குத் தவளை என்று பெயர் விழுந்திருந்தது. கூரையில் ஓட்டுநர் பள்ளியின் பலகையைக் கழற்றிய இடத்தில் மட்டும் பச்சை புதுசாக இருந்தது.

யார்டுக்காரர் தவளையின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது என்னம்மா, ரெண்டு பக்கமும் பெடல்? ஆளுக்குப் பாதி ஓட்டுவீங்களா?”

“மாணவங்க மறந்துட்டா நான் மிதிக்கிறதுக்கு” என்றாள் அவள்.

“எங்க வீட்டுல பெடலே இல்லாமலே மிதிப்பாங்க.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். அவள் சிரித்தபோது முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சிரித்தான். இப்போதெல்லாம் அவனுக்கு அதுவே வேலை.

கோடை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள், பாடம் நடக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன்னால் வந்ததே இல்லை. ஸ்டீயரிங் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டர். அப்போதுதான் வண்டியைத் திருப்பப் பழகிக்கொண்டிருந்தவர். “ஏதோ எரியற வாசனை வருதே” என்று அவள் சொன்னதாகவும், அவர் பயந்துபோய் என்ஜினைப் பார்த்ததாகவும், அடுத்த நொடி அவள் உடம்பு முறுக்கிக்கொண்டதாகவும் அவர் பிறகு சொன்னார். முறுக்கிய காலின் கீழே அவள் பக்கத்துப் பிரேக் இருந்தது. வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. “எனக்கு நினைவு தப்பிடுச்சு, என் காலுக்குத் தப்பலை” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் வேடிக்கை பண்ணினாள். அவன் வெளியே போய் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுபடி வராமல் ஒரு வருஷம் முழுசாகப் போக வேண்டும், அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூடாது என்றும் சொன்னார். முதலாவதைவிட இரண்டாவதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. அவள் குளிக்கும்போதெல்லாம் அவன் வெளியே ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொள்வான். குளியலறைக்கு வெளியே இருந்த மின்விசிறி ஊரிலேயே மிகச் சுத்தமான மின்விசிறி ஆகிவிட்டது.

நாளை அவர்கள் ஊர் மாறுகிறார்கள். மலைச் சாலையைத் தாண்டினால் அவள் தங்கை இருக்கும் ஊர். தங்கையும் சொல்லிக்கொடுக்கும் உரிமம் வாங்கியிருக்கிறாள். அக்கா திரும்பவும் ஓட்டுகிறவரை தவளையை வைத்துத் தங்கை பாடம் எடுப்பாள். கணக்கு வழக்கு, தொலைபேசி எல்லாம் அக்கா. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். வேனில் வீட்டுச் சாமான்; வேனை ஓட்ட அவன் இருக்கிறான். தவளையை ஓட்டத்தான் ஆள் இல்லை. அதற்குத்தான் டிரெய்லர்.

“வித்துடலாமே” என்று அவன் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தான்.

“வித்துட்டா, இனிமே நான் ஓட்டப்போறதில்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி” என்றாள். பிறகு பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் அவன் மனசுக்குள் அது படுக்கவும் இல்லை. புது வீட்டு வாசலில் தவளை தினம் தினம் நிற்கும். ஒரு நாள் பால் தீர்ந்திருக்கும், தங்கை வெளியே போயிருப்பாள், கடை வண்டியில் போனால் இரண்டு நிமிஷம்தான் இருக்கும். அந்த ஒரு நாள் அவள் தவளையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று பயந்தான். அதனால் யார்டுக்காரர் வேனை ஒரு சுற்று சுற்றி வந்து, “இந்த வேன் இழுக்காது சார், வேலைக்கு ஆகாது” என்று கையை விரித்துவிட மாட்டாரா என்று அவன் ரகசியமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்.

யார்டுக்காரர் வேனின் பின்னால் குந்தி, இழுப்பதற்காகப் பொருத்தியிருந்த இரும்பு உருண்டையைத் தட்டிப் பார்த்தார்.

“தாராளமா இழுக்கும்.”

“சாமான் நிறைய ஏத்தியிருக்கே” என்றான் அவன்.

“அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“மலைச் சாலை வேற.”

“சார், வேன் உங்களோடதா, கடன் வாங்கினதா? அதைப் பத்தி நீங்களே இவ்வளவு கேவலமாப் பேசறீங்க.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உருண்டையைப் பார்த்தான்.

இரண்டு வகை இருந்தது. ஒன்று டாலி: இரண்டே சக்கரம் கொண்ட சின்ன வண்டி. காரின் முன் சக்கரங்கள் அதன் மேல் ஏறி உட்காரும். பின் சக்கரங்கள் ரோட்டில் தானாக உருண்டு வரும். இன்னொன்று முழு டிரெய்லர்: காரே மொத்தமாக மேலே ஏறி நிற்கும். அவளுக்கு முழு டிரெய்லர்தான் வேண்டும். நாலு சக்கரமும் மேலே இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கும் என்றாள். அவனுக்கு டாலி. பாரம் குறைவு, மேட்டில் திணறாது என்றான். அது உண்மைதான். ஆனால் அந்த முழு டிரெய்லருக்கு ஏறும் இரும்புச் சாய்தளங்களின் நீளத்தையும் செங்குத்தையும் அவன் வந்த உடனேயே பார்த்திருந்தான். அவன் வேனில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. தவளைக்கோ கிளட்ச் உண்டு. இன்று காலை வேனை இங்கே விட்டுவிட்டு நடந்து போய், தவளையை வீட்டிலிருந்து ஓட்டி வருவதற்குள் சிக்னலில் இரண்டு தடவை அணைந்துவிட்டது. அவள் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். முன் சீட்டில் பெடல் இருக்கிறது என்று அவளைப் பின்னால் உட்கார வைத்ததே அவன்தான்.

“டாக்டர் என்ன சொன்னார், உனக்குத் தெரியும்ல” என்றுதான் அப்போது சொன்னான். அவள் கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“ஓட்டப்போறவர் நீங்க. உங்களுக்கு டாலின்னா டாலி” என்றாள் இப்போது.

டாலியை வேனில் மாட்டினார்கள். அதன் சாய்தளம் செருப்பு உயரம்தான். யார்டுக்காரர் எதிரே நின்று, வா வா என்று கையை ஆட்டி, மாட்டைத் தொழுவத்துக்குள் ஓட்டுகிற மாதிரி நாக்கால் சத்தம் செய்தார். முதல் தடவை தவளை குதித்துப் பக்கத்தில் போனது. இரண்டாவது தடவை முன் சக்கரங்கள் பள்ளத்தில் பொத்தென்று உட்கார்ந்தன. அவன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. யார்டுக்காரர் பட்டைகளை இழுத்து இறுக்கினார்.

“வெளியே ஒரு சுத்து போய்ப் பார்த்துட்டு வாங்க. பின்னால ஒண்ணு தொங்குதுன்னு உடம்புக்குப் பழகணும்.”

வேனில் ஏறியதும் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கே பெடல் இல்லை. தெருவில் இறங்கியதும் வேன் முனகியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு யோசனைக்குப் பிறகுதான் நகர்ந்தது. இழுவை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான். மலையில் இது எப்படி ஏறும் என்ற கவலை ஒரு பக்கம், இழுக்காது என்று இப்போதாவது தெரிந்துவிடும் என்ற ஆசை ஒரு பக்கம். சலவைக் கடையைத் தாண்டி, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் நீண்ட சுவரோரம் போய்க்கொண்டிருந்தபோது அவள் ஜன்னலை இறக்கினாள். மூக்கைச் சுருக்கினாள்.

“ஏதோ எரியற வாசனை வருது” என்றாள்.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்து வேனை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அவள் பக்கம் திரும்பி இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். தலைக்குக் கீழே என்ன வைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றும் கைக்கு வரவில்லை. அவள் கண்கள் விரிந்திருந்தன. கண்மணிகள் அவனையேதான் பார்த்தன. ஆனால் அந்தப் பார்வையில் அவன் ஆஸ்பத்திரியில்கூடப் பார்க்காத ஒரு பயம் இருந்தது.

“உங்களுக்கு வருதா?” என்றாள். “சொல்லுங்க. வாசனை உங்களுக்கு வருதா, எனக்கு மட்டும்தானா?”

அவன் மூச்சை இழுத்துப் பார்த்தான். பயத்தில் மூக்கு வேலை செய்யவில்லை. வாசனை என்று ஒன்று உலகத்தில் இருந்ததே மறந்துபோன மாதிரி இருந்தது. வருது என்று பொய் சொல்லலாமா என்று நினைத்தான். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். சொல்லாவிட்டால்?

அப்போதுதான் அவள் தலைக்குப் பின்னால், பக்கக் கண்ணாடியில், சாம்பல் நிறப் புகை சுருண்டு போவது தெரிந்தது.

“புகை” என்றான். “புகை வருது. நிஜமாவே எரியுது.”

“நிஜமாவா?”

“நிஜமா எரியுது. பார், பார், எப்படி எரியுது பார்.”

பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவன் மாதிரி அதைச் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை, அவளுக்கே புரிந்திருக்காது.

இறங்கிப் போனார்கள். ரோட்டில் யார்டிலிருந்து இங்கேவரை இரண்டு கறுப்புக் கோடுகள் வந்திருந்தன. தவளையின் பின் சக்கரங்கள் உருளவே இல்லை, தேய்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. இரண்டு டயரிலும் தரையைத் தொட்ட இடம் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாகி, உள்ளே நூல் தெரிந்தது.

அவள் காரின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

“ஹேண்ட்பிரேக் போட்டிருக்கீங்க.”

“போட்டேனா?”

“வண்டி நின்னதும் முதல்ல என்ன செய்யணும்?”

“ஹேண்ட்பிரேக் போடணும்” என்றான், தன்னை அறியாமல்.

கல்யாணத்துக்கு முன்னால் அவனும் அவளுடைய மாணவன்தான். இரண்டு தடவை தேர்வில் தோற்று, மூன்றாவது தடவை அவள் கொடுத்த ஒரே வாக்கியத்தை ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டு போய்த் தேறினான். நின்றதும் ஹேண்ட்பிரேக், அதற்கப்புறம்தான் மூச்சு. அவளிடம் படித்தவர்கள் எல்லோரும் இன்றைக்கும் அப்படித்தான் நிறுத்துவார்கள் என்று அவளுக்குப் பெருமை. ரோட்டில் உருண்டு வரவேண்டிய சக்கரத்தை அதே ஹேண்ட்பிரேக் கட்டிப்போட்டிருக்கிறது.

“இத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தேன். டாலி மேலகூட மறக்காமப் போட்ட ஒரே ஆளு என் வீட்டுக்காரர்” என்றாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. பிறகு அது மெல்ல இறங்கியது. “வேணும்னு பண்ணலையே?”

“சே, இல்லை.”

“இல்லைன்னா சரி.”

வேண்டுமென்று பண்ணவில்லை. சத்தியமாகப் பண்ணவில்லை. ஆனாலும் அந்த “இல்லை” அவன் காதுக்கே கொஞ்சம் காலியாகக் கேட்டது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு வேனில் ஏறி யார்டுக்குத் திரும்பினார்கள்.

யார்டுக்காரர் டயர்களைத் தடவிப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

“ஸ்டெப்னி எத்தனை இருக்கு?”

“ஒண்ணு” என்றாள்.

“போனது ரெண்டு. அப்போ டாலி கதை முடிஞ்சுது. இந்த டயரை நம்பி ரோட்டுல உருட்டாதீங்க. நாலு சக்கரமும் மேல ஏறணும்.” பிறகு அவளைப் பார்த்து, “நீங்க முதல்லயே இதைத்தாம்மா கேட்டீங்க” என்றார்.

“நான் கேட்கிறது எல்லாமே லேட்டாத்தான் கிடைக்கும்” என்றாள் அவள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. அதை அவன் இறுகப் பிடித்துக்கொண்டான். “அப்போ காரை இப்போதைக்கு இங்கேயே விட்டுட்டுப் போகலாம். அப்புறமா டயர் மாத்தி…”

“இங்க விட முடியாது சார். இது வாடகை யார்டு, நான் யார் வண்டிக்கும் காவல் இருக்கிறதில்லை. நாளைக்கு எல்லா டிரெய்லரும் வெளியே போகுது. ஏத்தறதுன்னா இப்பவே ஏத்திக்கங்க.”

“கம்பி போட்டு மோட்டாரால இழுத்து ஏத்தறது ஒண்ணு இருக்குமே?”

“இருந்துச்சு. நேத்துதான் போச்சு.”

“நீங்க கொஞ்சம் ஓட்டி ஏத்திக் குடுத்தா…”

யார்டுக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார், யாராவது அதில் சாவியைத் திணித்துவிடுவார்களோ என்கிற மாதிரி. “முதலாளி உத்தரவு. கஸ்டமர் வண்டியில நான் உட்காரவே கூடாது. உங்க ஆளுங்கள்ல யாரு ஓட்டினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை. இது ரோடும் இல்லை. நீங்களோ, அம்மாவோ.”

அம்மாவோ என்ற சொல் சிமென்ட் தரையில் விழுந்து அங்கேயே கிடந்தது. அவர்கள் இருவருமே அதைக் குனிந்து எடுக்கவில்லை.

முழு டிரெய்லரை மாட்டி, சாய்தளங்கள் இரண்டையும் இறக்கினார்கள். ஒவ்வொன்றும் டயரைவிடக் கொஞ்சம்தான் அகலம். அவன் தவளையில் உட்கார்ந்து, கிளட்ச், கியர், ஹேண்ட்பிரேக் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். தவளை பாதி ஏறியது. முன்கண்ணாடியில் ரோடு போய், யார்டு போய், வெறும் வானம் நிறைந்தது. சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பயத்தில் கிளட்சை எடுத்துவிட்டான். என்ஜின் அணைந்து, கார் சறுக்கிக்கொண்டே பின்னால் வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். நின்றது.

“அசையாதீங்க” என்றாள் அவள் வெளியிலிருந்து. பாடம் எடுக்கிற குரல். மாதக்கணக்காக அவன் கேட்காத குரல். “ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க. பின் சக்கரம் விளிம்புல இருக்கு. பிரேக்கை மெதுவா, ரொம்ப மெதுவா விடுங்க. நேரா வரும். வரட்டும். வரட்டும். நிறுத்துங்க.”

தவளை தரைக்கு வந்தது. ஹேண்ட்பிரேக் போட்டான். கதவைத் திறந்து இறங்கினான். இடது பக்கச் சாய்தளத்தின் விளிம்பில் டயர் உரசிய கறை இருந்தது. இன்னும் ஒரு விரல் நகர்ந்திருந்தால் கார் கவிழ்ந்திருக்கும்.

“இன்னொரு தடவை பார்ப்போமா சார்?” என்று யார்டுக்காரர் கேட்டார். கேட்டவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவன் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வலிப்பு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. தூங்கும்போது மட்டும் தலையணைக்குக் கீழே.

அவள் காரைச் சுற்றி வந்தாள். முன்விளக்கின் மேல் படிந்திருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு அவன் எதிரே வந்து நின்றாள்.

“இன்னொரு சாவி, அந்தத் திரை வளையம் போடற டப்பாவுக்குள்ள இருக்கு” என்றாள். “நீங்க வச்ச மறுநாளே எனக்குத் தெரியும்.”

அவனுக்கு முகம் சூடேறியது.

“நீங்க வேலைக்குப் போன எத்தனையோ நாள் அந்த டப்பா வீட்டுல என்கூடத்தான் இருந்துச்சு. வண்டி வாசல்லதான் இருந்துச்சு. எடுத்தேனா?”

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

“காலையில மாத்திரை போட்டாச்சு. நேத்து நல்லாத் தூங்கினேன். வாசனை ஒண்ணும் வரலை, வந்தது உங்க டயர்லேருந்துதான்.” சொல்லிவிட்டு, காரின் அந்தப் பக்கத்துக் கதவை, இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்த சீட்டின் கதவை, அகலத் திறந்து வைத்தாள். அந்தச் சீட்டுக்குக் கீழே தேய்ந்து பளபளத்த இரண்டு பெடல்கள் தெரிந்தன. “நீங்க என் சீட்டுல உட்காருங்க. உங்க காலடியில பிரேக் இருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஆகற மாதிரி தெரிஞ்சாலே போதும், மிதிச்சுடுங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். ரோட்டுல இல்லை, இந்தச் சரிவு மட்டும்தான். ஏத்தி வச்சுட்டு இறங்கிடறேன்.”

யார்டுக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு பட்டையைச் சுருட்டினார். சுருட்டியதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அது நடுங்குகிறதா என்று அவன் பார்த்தான். நடுங்கவில்லை. அவன் கை சட்டைப் பைமேல் இருந்தது.

“சாவியைக் குடுங்களேன்” என்றாள்.